உள்ளமைவு ஆவணங்களை எங்கே சேமிப்பது, யார் சரிபார்ப்பது?

நாணற்காடு:
வணக்கம். நாங்கள் ஆறு பேர் கொண்ட சிறு குழு. ஒரு மருத்துவக் குழுமத்துக்கு முன்பதிவு, நினைவூட்டுக் குறுஞ்செய்தி ஆகியவற்றுக்கான மென்பொருளைப் பராமரிக்கிறோம். தமிழ்நாட்டில் அவர்களுக்கு 38 கிளைகள் உள்ளன. ஒவ்வொரு கிளைக்கும் ஓர் உள்ளமைவு ஆவணம் உண்டு; மென்பொருள் படிக்கும் அமைப்பு விவரங்களை யாமல் என்ற எழுத்து வடிவில் எழுதிய கோப்பு அது. கிளையின் எஸ்டிடி குறியீடு, தொலைபேசி எண், காலை மாலை நேரங்கள், கட்டணம், விடுமுறை நாட்கள் எல்லாம் அதில் இருக்கும். இந்த ஆவணங்களைத் தரவுத்தள அட்டவணை ஒன்றில் வைத்திருக்கிறோம். யாராவது திருத்தினால் பழையது அழிந்து புதியது அதே இடத்தில் உட்காரும்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கிளைகளின் தொலைபேசி விவரங்களைத் தனித்தனிப் புலங்களாகப் பிரித்து ஒருவர் திருத்தினார். மறுநாள் காலையில் சென்னைக் கிளைகளின் நோயாளிகளுக்குச் சென்ற குறுஞ்செய்திகளில் 044 இருக்கவேண்டிய இடத்தில் 36 என்று இருந்தது. மதுரைக்கு 0452க்குப் பதிலாக 298. எங்கள் சோதனைக் கிளை பொள்ளாச்சி. அங்கே 04259 சரியாகவே வந்ததால் எங்களுக்குச் சந்தேகமே எழவில்லை. டயாலிசிஸ் நேரத்தை மாற்றிக்கொள்ள அழைக்க முயன்ற ஒரு பெரியவர், எண் கிடைக்காமல் பேருந்து ஏறி நேரிலேயே வந்துவிட்டார் என்று கிளை மேலாளர் சொன்னபோது எங்களுக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

முந்தைய நாள் என்ன இருந்தது என்று பார்க்கலாம் என்றால் பழைய வடிவம் எங்குமே இல்லை. ஆகவே பதிப்புகளைக் காக்கும், சரிபார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளும் ஒரு சேமிப்பகத்துக்கு மாற விரும்புகிறோம். எதைத் தேர்ந்தெடுப்பது, சரிபார்ப்பை எந்த இடத்தில் வைப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லவேண்டும்.

கல்தச்சன்:
நண்பரே, முதலில் அந்த 36ஐப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பைதான் மொழியில், யாமலைப் படிக்கும் பையாமல் என்ற தொகுப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது யாமல் 1.1 விதிகளைப் பின்பற்றுவது. அந்த விதிப்படி, மேற்கோள் குறி இல்லாமல் சுழியத்தில் தொடங்கி, 0 முதல் 7 வரையான இலக்கங்கள் மட்டும் கொண்ட எண், எட்டடிமான எண்ணாகப் படிக்கப்படும். 044 என்றால் நான்கு எட்டு முப்பத்திரண்டு, அதோடு நான்கு, ஆக 36. 0452 அதே கணக்கில் 298. பொள்ளாச்சிக் குறியீட்டில் 9 இருப்பதால் அது எட்டடிமான எண்ணாக முடியாது. எனவே எழுத்துச் சரமாகவே தங்கிவிட்டது. உங்கள் சோதனைக் கிளை பொள்ளாச்சியாக அமைந்தது உங்கள் கெட்ட நேரம்.

கையோடு உங்கள் நேரப் புலங்களையும் பாருங்கள். மேற்கோள் இல்லாத 18:30 அதே விதிப்படி அறுபதடிமான எண்ணாகி 1110 ஆகும். 09:30 சுழியத்தில் தொடங்குவதால் சரமாகவே நிற்கும். காலை நேரம் சரியாகவும் மாலை நேரம் தவறாகவும் வரும் கிளைகள் உங்களிடம் கட்டாயம் இருக்கும்.

நாணற்காடு:
ஐயா, இப்போதுதான் பார்த்தேன். மூன்று கிளைகளில் மாலை நேரம் 1110 என்றே பதிவாகியிருக்கிறது. நேர அட்டவணைப் பக்கத்தில் அந்த எண்ணை நிமிடங்கள் என்று எடுத்துக்கொண்டு மணியாக மாற்றும் ஒரு வரியை எவரோ எப்போதோ சேர்த்திருக்கிறார். அதனால்தான் இத்தனை நாள் வெளியே தெரியவில்லை.

மூன்றாம்சாமம்:
இதற்குப் புதிய சேவை எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. ஆவணங்களை ஒரு கிட் களஞ்சியத்தில், அதாவது கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவியில், வையுங்கள். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது வரிக்கு வரி கிடைக்கும். புல் ரிக்வெஸ்ட் (இந்த மாற்றத்தைச் சேர்க்கலாமா என்ற கோரிக்கை) வந்ததும், எந்தப் புலத்தில் எது இருக்கலாம் என்ற வரையறையான ஸ்கீமாவோடு ஒப்பிடும் சோதனை தானாக ஓடட்டும். தேறாதது களஞ்சியத்தின் முதன்மை வடிவில் சேராது. ஒருவர் முந்திக்கொண்டால் மற்றவரின் புஷ் (மாற்றத்தைக் களஞ்சியத்துக்கு அனுப்புவது) நிராகரிக்கப்படும் என்பதால், ஒருவர் திருத்தத்தை இன்னொருவர் அறியாமல் அழிப்பதும் நடக்காது. ஃபேஸ்புக் போன்ற பெரிய நிறுவனமே தன் உள்ளமைவுகளைக் கிட்டில்தான் வைத்திருந்தது என்று 2015இல் அவர்களுடைய பொறியாளர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது.

வரப்போரம்:
மூன்றாம்சாமம் குறிப்பிடும் கட்டுரையை நானும் படித்திருக்கிறேன். கிட் அதில் ஒரு பகுதி மட்டுமே. கான்ஃபிகரேட்டர் என்ற அந்த அமைப்பில் பொறியாளர்கள் பைதானில் எழுதுவார்கள், த்ரிஃப்ட் என்ற மொழியில் எழுதிய ஸ்கீமாவோடு சேர்த்து ஒரு கம்பைலர் அதை ஜேசன் என்ற தரவு வடிவுக்கு மாற்றும், அந்தக் கட்டத்திலேயே சரிபார்ப்பு நிரல்கள் ஓடும், பிறகு சில சர்வர்களில் மட்டும் முன்னோட்டம் பார்த்து, அதற்குப் பின்னரே ஸூகீப்பர் என்ற திறமூல மென்பொருளிலிருந்து பிரித்து வளர்த்த ஜீயஸ் என்ற விநியோக அமைப்பு வழியாக எல்லா இயந்திரங்களுக்கும் போகும். ஒரே களஞ்சியத்தில் பலர் ஒரே நேரத்தில் புஷ் செய்யும்போது ஒருவர் மற்றவருக்காகத் திரும்பத் திரும்பக் காத்திருக்கவேண்டியிருந்ததால், மாற்றங்களை வரிசையில் வாங்கி ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கும் தனி அமைப்பையே அவர்கள் கட்டவேண்டியிருந்தது. கிட் நல்ல பதிவேடு. ஆனால் பதிவேட்டில் இருப்பதை இயங்கும் நிரலிடம் கொண்டுசேர்ப்பது அதன் வேலையன்று.

நாணற்காடு அவர்களிடம் ஒரு கேள்வி: திருத்தங்களைச் செய்பவர்கள் யார்? நிரலர்களா, கிளை மேலாளர்களா?

நாணற்காடு:
பெரும்பாலும் கிளை மேலாளர்கள்தான். பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள் இரவு பத்து மணிக்கு ஒரு படிவத்தைத் திறந்து நேரத்தை மாற்றுவார்கள். அவர்களிடம் புல் ரிக்வெஸ்ட் எழுதச் சொல்ல முடியாது.

வரப்போரம்:
அப்படியானால் படிவத்துக்குப் பின்னால் ஒரு சேவை தேவை. நாங்கள் மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்துவது அமேசானின் ஆப்கான்ஃபிக் என்ற உள்ளமைவுச் சேவை. அதன் உள்சேமிப்பகத்தில் ஓர் ஆவணத்தைப் போடும்போதெல்லாம் புதிய பதிப்பு எண் உருவாகும். பழைய பதிப்பின் மேல் எழுத வழியே இல்லை. ‘நான் பார்த்த கடைசிப் பதிப்பு 14’ என்று எண்ணையும் சேர்த்து அனுப்பலாம். இடையில் வேறொருவர் 15ஐ உருவாக்கியிருந்தால் உங்கள் திருத்தம் ஏற்கப்படாது. மேலாளர்கள் இருவர் ஒரே படிவத்தைத் திறந்துவைத்திருக்கும் உங்கள் சூழலுக்கு இது மிக முக்கியம்.

சரிபார்ப்பான்களை இரண்டு வகையில் வைக்கலாம்: ஜேசன் ஸ்கீமா ஒன்று, அமேசானின் லாம்டா சேவையில் ஓடுமாறு நீங்களே எழுதும் நிரல் மற்றொன்று. வெளியீடு தொடங்கும்போது இவை ஓடும். தேறாவிட்டால் வெளியீடு நடக்காது. மேலாளர் சேமி பொத்தானை அழுத்திய உடனேயே பிழை தெரியவேண்டும் என்றால், சரிபார்ப்புக்கென்று தனியாக இருக்கும் அழைப்பைப் படிவத்திலிருந்தே விடுக்கவேண்டும். அமேசானின் மற்றொரு சேவையான சிஸ்டம்ஸ் மேனேஜரின் ஆவணங்களில் வைத்தாலோ, ஸ்கீமாவும் ஓர் ஆவணமாக இருந்து, உள்ளமைவை உருவாக்கும்போதும் திருத்தும்போதும் அதனோடு பொருத்திப் பார்க்கப்படும்; ஆனால் அங்கே ஆவணத்தின் அளவு 64 கிலோபைட்டைத் தாண்டக்கூடாது.

மூன்றாம்சாமம்:
ஒரு நிறுவனத்தின் சேவையோடு கட்டிப்போட்டுக்கொள்வது எனக்கு உவப்பாக இல்லை. பல சர்வர்களில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸை இவர்கள் ஏற்கெனவே வைத்திருந்தால், உள்ளமைவுக்கென்று அதிலேயே உள்ள கான்ஃபிக்மேப் போதாதா? அடியில் எட்சிடி என்ற தரவுத்தளம் இருக்கிறது, அது ஒவ்வொரு மாற்றத்துக்கும் திருத்த எண் கொடுக்கிறது.

ஏற்றப்பாட்டு:
அந்தத் திருத்த எண்ணை வரலாறு என்று நம்பி ஏமாந்தவள் நான். அதனால் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். எட்சிடி பழைய திருத்தங்களை வைத்திருப்பது உண்மை. ஆனால் இடம் நிறைந்துவிடாமல் இருக்க அவற்றை அவ்வப்போது சுருக்கி நீக்கவேண்டும். குபர்நெட்டிஸின் மைய நிரலான ஏபிஐ சர்வர் இயல்பாகவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிறது. நேற்று மாலை என்ன இருந்தது என்று இன்று காலையில் கேட்டால் அதனிடம் பதில் இருக்காது. எட்சிடியின் இயல்பு உச்சவரம்பு 2 ஜிபி. 8 ஜிபிக்கு மேல் போகவேண்டாம் என்பது அதன் ஆவணங்களிலேயே உள்ள பரிந்துரை. அது இப்போதைய நிலையை எல்லா இயந்திரங்களும் ஒன்றுபோல அறிய உருவானது. ஆவணக் காப்பகமாக அதை எவரும் உருவாக்கவில்லை.

கான்ஃபிக்மேப்பில் இன்னொரு குறை: ஒரு மெபிபைட்டுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர, உள்ளே இருக்கும் உங்கள் யாமல் சரியா தவறா என்று அது கேட்பதே இல்லை. அதற்கு அது வெறும் எழுத்துச் சரம். அதைச் சூழல் மாறியாக (நிரல் தொடங்கும்போது கொடுக்கப்படும் மதிப்பாக) எடுத்துக்கொண்டால், பாட், அதாவது நிரல் ஓடும் அலகு, மீண்டும் தொடங்கும்வரை புதிய மதிப்பு வராது. சப்-பாத் (subPath) என்ற முறையில் ஒற்றைக் கோப்பாக இணைத்தாலும் அப்படியே. இதனால் ஒரே நேரத்தில் பாதி பாட்கள் பழையதிலும் பாதி புதியதிலும் ஓடிக்கொண்டிருந்த ஓர் இரவு எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. கிட்டிலிருந்து உருவாக்கி, உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறியான ஹாஷைப் பெயரோடு சேர்த்து, மாற்ற முடியாததாக அறிவித்துப் பயன்படுத்தினால் கான்ஃபிக்மேப் நல்ல கருவிதான். அப்போதும் வரலாற்றைக் காப்பது கிட்தானே ஒழிய எட்சிடி அன்று.

கல்தச்சன்:
எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இரண்டு மூன்று நல்ல விடைகள் இருக்கலாம். இந்த இழையில் நான் வற்புறுத்த விரும்புவது அதைவிட முக்கியமான ஒன்றை. சரிபார்ப்பு என்று நாம் சொல்வது, அந்த ஆவணத்தைக் கடைசியில் படிக்கப்போகும் நிரலைக்கொண்டே நடக்கவேண்டும். சரிபார்ப்பான் ஒரு படியால் அளந்து, படிக்கும் நிரல் வேறொரு படியால் அளந்தால், எத்தனை பச்சை விளக்கு எரிந்தும் பயனில்லை.

2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. அன்று போனது நிரல் அன்று. உள்ளடக்க உள்ளமைவுக் கோப்பு. ஆவணத்தின் வரையறையில் 21 உள்ளீட்டுப் புலங்கள் இருந்தன. அதைப் படித்த சென்சார் நிரல் கொடுத்தது 20 மதிப்புகளைத்தான். சரிபார்ப்பான் 21 வரும் என்ற எண்ணத்திலேயே ஆவணத்தைத் தேர்ச்சி பெறவைத்தது. அதற்கு முன் வந்த ஆவணங்களில் இருபத்தொன்றாம் இடத்தில் எதுவும் பொருந்தலாம் என்ற குறியே இருந்ததால் குறை வெளிவரவில்லை. அன்றுதான் முதல்முறையாக அந்த இடத்தை உண்மையில் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டியிருந்தது. நிரல் இல்லாத மதிப்பைப் படிக்கப் போய் விழுந்தது. உலகநேரம் 04:09க்கு வெளியான கோப்பை 05:27க்கே திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்த கணினிகளுக்கு அந்தத் திருத்தம் போய்ச்சேர வழி இல்லை. பலவற்றை ஆட்கள் நேரில் சென்று எழுப்பவேண்டியிருந்தது. பின்வாங்கும் வசதி இருந்தும் காப்பாற்ற முடியாத சூழல் இது.

2025 நவம்பர் 18 அன்று, பல இணையதளங்களுக்கு முன்னால் நின்று காக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்துக்கு நடந்தது இன்னொரு விதம். தானியங்கி வருகைகளை இனங்காணும் பகுதிக்கான ஒரு கோப்பு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக உருவாகி எல்லா இயந்திரங்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. தரவுத்தள அனுமதியில் செய்த மாற்றத்தால் வினவல் ஒரே வரிசைகளை இரட்டிப்பாகத் தர, கோப்பு இரு மடங்கானது. படிக்கும் நிரலோ 200 கூறுகளுக்கு மட்டும் இடம் ஒதுக்கியிருந்ததால் விழுந்துவிட்டது. அந்த 200 என்ற எண் படிக்கும் நிரலுக்குள் இருந்தது. கோப்பை உருவாக்கிய இடத்தில் அதைக் கேட்பார் இல்லை. மனிதர் எழுதும் ஆவணத்தைச் சந்தேகிக்கும் நாம், நம் இயந்திரமே எழுதிய ஆவணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கிறோம். அதையும் வெளியாரின் உள்ளீட்டைப்போல நடத்தப்போவதாக அவர்கள் தங்கள் அறிக்கையில் எழுதியது சரியான முடிவு.

மூன்றாம்சாமம்:
நீங்கள் சொல்வதை ஏற்கிறேன் ஐயா. ஆனால் படிக்கும் நிரலால் சரிபார்த்தாலும் தப்பிவிடும் பிழைகள் இருக்கின்றன அல்லவா? 2009 ஜனவரி 31 அன்று கூகுளின் தீங்கான தளங்களின் பட்டியலில் தவறுதலாக ஒற்றைச் சாய்கோடு சேர்ந்துவிட்டது. வடிவப்படி அது சரியான பதிவு. நிரல் தடையின்றிப் படித்தது. சாய்கோடு எல்லா முகவரிகளிலும் இருப்பதால், தேடலில் வந்த எல்லாத் தளங்களும் உங்கள் கணினிக்குத் தீங்கு விளைவிக்கலாம் என்ற எச்சரிக்கையோடு வந்தன. எந்த ஸ்கீமா இதைப் பிடித்திருக்கும்?

கல்தச்சன்:
ஸ்கீமா பிடித்திருக்காது. அதனால்தான் படிக்கும் நிரலைக்கொண்டு படிப்பதோடு நிறுத்தாமல், ஓட்டியும் பார்க்கவேண்டும் என்கிறேன். புதிய ஆவணத்தையும் நடப்பு ஆவணத்தையும் ஒரே நிரலில் ஏற்றி, தெரிந்த உள்ளீடுகள் சிலவற்றைக் கொடுத்து, விளைவு எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். பட்டியலில் ஒரு வரி சேர்த்ததற்கு எல்லாத் தளங்களின் விடையும் மாறுகிறதென்றால் நிறுத்தி ஒரு மனிதரிடம் கேட்கலாம். நாணற்காடு அவர்களின் நிலையில் இது மிக எளிது: ஒவ்வொரு கிளைக்கும் ஒரு மாதிரி நினைவூட்டுச் செய்தியைப் பழைய பதிப்பாலும் புதிய பதிப்பாலும் உருவாக்கி, இரண்டையும் அருகருகே மேலாளருக்குக் காட்டவேண்டியதுதான். 36 என்று தொடங்கும் எண்ணைச் சென்னைக்காரர் எவரும் பார்த்த மாத்திரத்தில் தடுத்திருப்பார்.

ஏற்றப்பாட்டு:
ஜேசன் ஸ்கீமா எழுதப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தனக்குத் தெரியாத திறவுச்சொல்லைக் கண்டால் அதைப் புறக்கணித்துவிட்டு மேலே செல்வதே ஜேசன் ஸ்கீமாவின் இயல்பு. ஆப்கான்ஃபிக்கின் சரிபார்ப்பான் அந்த விதிமுறையின் பழைய பதிப்பான வரைவு 4ஐப் பின்பற்றுவது. ‘இது இப்படியானால் அது அப்படி இருக்கவேண்டும்’ என்ற நிபந்தனை வசதி வரைவு 7இல்தான் வந்தது. இணையத்தில் கிடைத்த புதிய எடுத்துக்காட்டைப் பார்த்து அந்த நிபந்தனையை எழுதி, வரைவு 4இல் ஓட்டினால் பிழை எதுவும் வராது. நிபந்தனை இல்லாததுபோலவே எல்லா ஆவணங்களும் தேறிவிடும். எங்கள் குழுவில் இரண்டு மாதம் அப்படி ஒரு ஸ்கீமா எதையும் தடுக்காமல் காவல் நின்றது. அதன் பிறகு, தோற்கவேண்டிய ஆவணங்கள் சிலவற்றையும் ஸ்கீமாவோடு சேர்த்தே வைத்து, அவை உண்மையில் தோற்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறோம்.

அறிவிக்காத புலங்களை மறுக்கும் விதியையும் மறவாமல் போடுங்கள். அது இல்லையென்றால், எழுத்துப்பிழையோடு எழுதிய புலப்பெயர் புதிய புலமாக ஏற்கப்பட்டு, உண்மையான புலம் பழைய இயல்பு மதிப்பிலேயே கிடக்கும்.

கடவுச்சொற்களையும், பிற சேவைகளை அணுக உதவும் ஏபிஐ சாவிகளையும் இந்த ஆவணங்களில் வைக்காதீர்கள். எந்தப் பதிப்பும் அழியாது என்பது அவற்றின் விஷயத்தில் வரமன்று.

வரப்போரம்:
பின்வாங்குவது பற்றியும் சொல்லவேண்டும். பதிப்பு 31 சரியில்லை, 30க்குத் திரும்பலாம் என்று எல்லோரும் எளிதாகச் சொல்கிறோம். 30 தேர்ச்சி பெற்றது அன்றைய ஸ்கீமாவிலும் அன்றைய நிரலிலும்தான். இடையில் நிரல் மாறி, கட்டாயப் புலம் ஒன்று சேர்ந்திருந்தால், நேற்றைய நல்ல ஆவணம் இன்று செல்லாது. எங்களுக்கு ஒருமுறை இப்படி நேர்ந்து, தவறான பதிப்பில் இருந்தபோது ஒரு பக்கம் மட்டும் பழுதாக இருந்தது. பின்வாங்கிய பிறகு எல்லாப் பக்கங்களும் நின்றுவிட்டன. ஆகவே ஒவ்வொரு பதிப்போடும் அது எந்த ஸ்கீமாப் பதிப்பில் தேறியது என்பதையும் எழுதிவைக்கவேண்டும். பின்வாங்குவதையும் ஒரு புதிய வெளியீடாகக் கருதி, முழுச் சரிபார்ப்பையும் மறுபடி ஓட்டவேண்டும்.

படிப்படியான வெளியீடு பற்றியும் ஒரு சொல். ஆப்கான்ஃபிக்கில் தயாராக உள்ள ஓர் உத்தி, முதலில் பத்து விழுக்காட்டுக்குக் கொடுத்து, இருபது நிமிடத்தில் முழுமைக்கும் விரித்து, பிறகு பத்து நிமிடம் கண்காணிக்கும். அதற்குள் அலாரம் அடித்தால் தானே பின்வாங்கும். உங்களிடம் எத்தனை சர்வர்கள்?

நாணற்காடு:
நான்குதான்.

வரப்போரம்:
நான்கில் பத்து விழுக்காடு என்பதற்குப் பொருளே இல்லை. சர்வர் கணக்கை விட்டுவிட்டுக் கிளைக் கணக்கில் விரியுங்கள். முதலில் ஒரு கிளை, ஒரு மணி நேரம் கழித்து மற்றவை. அந்த முதல் கிளை பொள்ளாச்சியாக மட்டும் இருக்கவேண்டாம்.

நாணற்காடு:
எல்லோருக்கும் மிக்க நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

சேமிப்புக்கு ஆப்கான்ஃபிக்கை எடுத்துக்கொண்டோம். மூன்றாம்சாமம் சொன்னதையும் விடவில்லை. ஒவ்வொரு பதிப்பும் இரவில் ஒரு கிட் களஞ்சியத்துக்கு நகலாகப் போகிறது, ஆகவே நாளை வேறு சேவைக்கு மாறினாலும் வரலாறு எங்கள் கையில் இருக்கும். யாமலை அடியோடு விட்டுவிட்டு ஜேசனுக்கு வந்துவிட்டோம். எஸ்டிடி குறியீடு எண் அன்று, சரம் என்று ஸ்கீமாவில் இருக்கிறது. குறுஞ்செய்தி அனுப்பும் நிரலிலிருந்து ஆவணத்தைப் படிக்கும் பகுதியைத் தனித் தொகுப்பாகப் பிரித்தெடுத்தோம். அதே தொகுப்பு, அதே பதிப்பெண்ணோடு, லாம்டா சரிபார்ப்பானிலும் ஓடுகிறது. இரண்டின் பதிப்பெண்ணும் பொருந்தாவிட்டால் வெளியீடு தொடங்காது. நான்கு சர்வர்களும் கடைசியாக வந்த நல்ல ஆவணத்தை வட்டில் வைத்துக்கொள்கின்றன. புதியதைப் படிக்க முடியாவிட்டால் அதைக்கொண்டே ஓடும்.

பழைய 38 ஆவணங்களையும் இந்த வாசலில் நுழைத்தபோது ஐந்து நின்றுவிட்டன. மூன்று, கல்தச்சன் ஐயா கணித்த மாலை நேரங்கள். மற்ற இரண்டில் கட்டணப் புலத்தின் பெயரிலேயே எழுத்துப்பிழை இருந்தது. அந்தக் கிளைகள் பழைய கட்டணத்தையே வாங்கிவந்திருக்கின்றன. அறிவிக்காத புலங்களை மறுக்கும் விதி இல்லையென்றால் அதை இன்னும் கண்டிருக்க மாட்டோம்.

பிழைச் செய்திகளை மேலாளர்களுக்காகத் தமிழில் எழுதினோம். சென்ற ஞாயிறு இரவு 9:40க்கு மதுரைக் கிளை மேலாளர் அம்மா தொலைபேசி எண்ணை மாற்றும்போது ஓர் இலக்கத்தை விட்டுவிட்டார். ‘0452 குறியீட்டுக்குப் பின் 7 இலக்கங்கள் இருக்கவேண்டும், 6 மட்டுமே உள்ளன’ என்று திரையில் வந்தது. இரண்டு நிமிடத்தில் அவரே திருத்தினார்; மாதிரிச் செய்திகள் இரண்டையும் பார்த்து ஒப்புதல் கொடுத்தார்; மதுரைக்குப் பதிப்பு 6 வெளியானது. எங்களில் எவருக்கும் அழைப்பு வரவில்லை. திங்கட்கிழமை காலையில் பதிவேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.